மனு போன வழியே பதிலும் திரும்ப வேண்டும்

மக்களவை உறுப்பினர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் தேர்தலில் நின்றவன் இல்லை. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் சிலரிடம் உதவியாளராக இருந்து, தொகுதி அலுவலகத்திலும் டெல்லிக் குடியிருப்பிலுமாகத் தலை நரைத்தவன். தமிழ்நாட்டுக்கு 39 மக்களவைத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். வாக்காளர்கள் பதினைந்து லட்சத்துக்கு முன்பின். அத்தனை பேருக்கும் மக்களவையில் ஒரே ஒரு குரல்தான்.

எம்.பி.யின் வேலையை நாடாளுமன்ற வேலை, தொகுதி வேலை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொகுதியில் வாங்கிய மனுதான் டெல்லியில் கேள்வியாகிறது. டெல்லியில் கிடைத்த பதில், மனு கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

1. மாதம் பிறக்கும் முன்பே நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள்: ஜனவரி கடைசியில் தொடங்கும் பட்ஜெட் தொடர், ஜூலை வாக்கில் மழைக்காலத் தொடர், நவம்பர், டிசம்பரில் குளிர்காலத் தொடர். இரண்டு தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் விதி. அவை நடக்கும் மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை டெல்லி, சனி ஞாயிறு தொகுதி. அவை இல்லாத மாதத்தில் நிலைக்குழுக் கூட்டங்களுக்கு மட்டும் டெல்லி, மற்ற நாளெல்லாம் தொகுதி. இந்த இரண்டு வகை மாதத்துக்கும் வேலை வேறு, வேகம் வேறு.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை. அவை நடக்கும்போது உங்கள் எம்.பி. இவற்றில் பலவற்றுக்கு வர முடியாது. அலுவலகத்திலிருந்து ஒருவராவது போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மேடையில் நாற்காலி எதிர்பார்க்காதீர்கள்.

2. மனுவை நின்றுகொண்டு வாங்குங்கள்.

வருகிறவர் இரண்டு பேருந்து மாறி வந்திருப்பார். அரை நாள் கூலி போயிருக்கும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுதும் கேளுங்கள். பிறகு பதிவேட்டில் எழுதுங்கள்: வரிசை எண், தேதி, பெயர், ஊர், கைப்பேசி எண், கோரிக்கை ஒரே வரியில். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சீட்டு இல்லாமல் போகிறவர் அடுத்த முறை வரும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அது அவருக்கு அவமானம்.

மனுக்களை அன்றைக்கே மூன்றாகப் பிரியுங்கள். கடவுச்சீட்டு, ரயில்வே, வருங்கால வைப்பு நிதி, அஞ்சலகம், வங்கிக் கல்விக்கடன், தேசிய நெடுஞ்சாலை, சமையல் எரிவாயு இவையெல்லாம் மத்திய அரசு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை மாநில அரசு. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை உள்ளாட்சி. வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளாட்சி வேலைக்குத்தான் வருவார்கள். “இது எங்கள் வேலை இல்லைம்மா” என்று திருப்பி அனுப்பாதீர்கள். யாருடைய வேலை என்று தெரிந்திருக்க வேண்டியது அவர்கள் கடமை இல்லை. உரிய அதிகாரிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம், அவருக்கு ஒரு நகல். பத்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

3. ஒரு கடிதத்தில் ஒரே விஷயம்.

ரயில் நிறுத்தம், மேம்பாலம், பாலத்துக்கடியில் மழைநீர் என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால், எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். தனித்தனியாக எழுதுங்கள், ரயில் எண், கிலோமீட்டர் கல், கடவு எண் என்று அடையாளம் கொடுங்கள். எந்தக் கோட்டம் என்றும் பாருங்கள். தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்கள். கன்னியாகுமரி ரயில் நிலையத்தைப் பற்றி மதுரைக்கு எழுதினால் கடிதம் திருவனந்தபுரம் போய்ச் சேரவே மாதம் ஆகிவிடும்.

நாடாளுமன்ற உறுப்பினர் கடிதம் வந்தால் 15 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், அடுத்த 15 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசின் அலுவலக நடைமுறையே சொல்கிறது. ஆகவே அனுப்பிய தேதியைப் பதிவேட்டில் குறித்து, 31ஆம் நாள் நினைவூட்டல் அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். முதல் கடிதத்தின் எண்ணும் தேதியும் போட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தால் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் இதே விஷயத்துக்காக வழக்குத் தொடுத்தார். எந்த மொழியில் கடிதம் வருகிறதோ அந்த மொழியில் பதில் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் தீர்ப்பளித்தது. அதைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் பதில் கேளுங்கள். கேட்டு வாங்கி, தமிழில் எழுதி மனுதாரருக்கு அனுப்புவது உங்கள் பொறுப்பு.

4. சில காரியங்களுக்குப் பதிவேடு காத்திருக்கலாம், ஆள் காத்திருக்க முடியாது.

கடலோரத் தொகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ நள்ளிரவில் தொலைபேசி அடித்தால், இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அழுகிறவர்களிடம் விவரம் கேட்பது கடினம்தான். ஆனாலும் கேட்க வேண்டும்: படகின் பதிவு எண், எத்தனை பேர், ஒவ்வொருவர் பெயரும் தந்தை பெயரும், எந்த இறங்குதளத்திலிருந்து எப்போது கிளம்பினார்கள். மீன்வளத் துறை உதவி இயக்குநரிடம் சரிபார்த்து, விடியும் முன்பே வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் தயாராகிவிட வேண்டும். அதோடு முடிவதில்லை. மீனவர்கள் திரும்பிய பிறகும் படகு அங்கேயே கிடக்கும். ஒரு விசைப்படகு போனால் அதை நம்பிய நாலைந்து குடும்பங்களின் பிழைப்பு போகும். படகுக்கான கடிதத்தை மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

வளைகுடா நாட்டில் இறந்தவரின் உடலைக் கொண்டுவரும் வேலையும் வரும். கடவுச்சீட்டு நகல், வேலை கொடுத்தவரின் பெயர், தொலைபேசி எண், குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை முதல் நாளே வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்திலும் பதிவு செய்யுங்கள். உடல் விமான நிலையம் வந்து சேரும்வரை குடும்பத்தில் ஒருவரோடு தினமும் பேசுங்கள், தகவல் எதுவும் இல்லாத நாளிலும்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து மருத்துவ உதவி கேட்பவர்களுக்கு, மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டோடும் வருமானச் சான்றோடும், சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மருத்துவமனை அந்த நிதியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

5. கடிதத்தாளைப் பூட்டி வையுங்கள்.

ரயில் பயணச்சீட்டு உறுதியாவதற்கு அவசர ஒதுக்கீட்டுக் கடிதம் கேட்டு வருவார்கள். தேர்வுக்கும் சிகிச்சைக்கும் போகிறவர்களுக்குக் கொடுங்கள். ஒரே ஆள் வாரம் இரண்டு கடிதம் கேட்டால் அவர் தரகர். கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி.க்கு ஆண்டுக்குப் பத்து இடம் இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் அந்தப் பத்து இடத்துக்காக வாசலில் நின்ற நூற்றுக்கணக்கான பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். போனது நல்லதே என்பது என் கருத்து. பத்துப் பேரை மகிழ்வித்து மற்ற எல்லோரையும் நோகடித்த சலுகை அது.

6. மனுக்களைப் படித்து அதிலிருந்து கேள்வி எழுதுங்கள்.

இதுதான் இந்த வேலையின் உயிர். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். கேள்விக்கு 15 முழு நாள்களுக்கு முன்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமைச்சகங்களை ஐந்து பிரிவாக வகுத்து, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. இவற்றுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார். நட்சத்திரக் குறியிடாதவை 230. எழுத்தில் பதில் வரும். ஒரு உறுப்பினருக்கு நாளொன்றுக்கு ஐந்து கேள்விக்கு மேல் கிடையாது, அதில் நட்சத்திரம் ஒன்றே ஒன்று. குலுக்கலில்தான் வரிசை தீர்மானமாகிறது. நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி விழாது. அதற்காக எழுதாமல் விடாதீர்கள்.

என்ன கேட்பது என்று டெல்லியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். மனுப் பதிவேட்டைப் புரட்டுங்கள். நூற்பாலையில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி, வைப்பு நிதி ஓய்வூதியம் வரவில்லை என்று மனு கொடுத்திருப்பார். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அதே போல இன்னும் ஏழெட்டு மனு இருக்கும். அவருக்காக ஒரு கடிதம் எழுதுவது முதல் வேலை. இரண்டாவது வேலை, கேள்வி எழுதுவது: கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் பெயர் வேறுபாட்டைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் எத்தனை? ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருப்பவை எத்தனை? திருத்தம் செய்ய எத்தனை நாள் என்று காலவரம்பு உண்டா? அதை மீறினால் யார் பொறுப்பு? இப்படிக் கேட்டால் ஒரு பெண்ணின் மனுவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் எல்லோரும் கணக்கில் வருவார்கள். அலுவலகங்களும் அந்தக் கணக்கை எடுக்கும்போதே சில கோப்புகளை நகர்த்திவிடும். கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பே மனுதாரருக்குப் பணம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

“அரசு உரிய நடவடிக்கை எடுக்குமா?” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். “எடுத்து வருகிறது” என்று பதில் வரும், அதோடு முடிந்தது. எண்ணிக்கை கேளுங்கள். ஆண்டு வாரியாக, மாவட்டம் வாரியாகக் கேளுங்கள். தேதி கேளுங்கள். அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். மாநில அரசின் வேலையைக் கேட்டால் அனுமதிக்க மாட்டார்கள்.

நட்சத்திரக் கேள்வி விழுந்தால் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் இல்லை. கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அமைச்சர் என்ன சொல்லக்கூடும் என்று மூன்று விதமாக ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் துணைக் கேள்வி எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்விகளே எட்டும் என்பதால், பட்டியலில் கீழே இருந்தால் முறை வராமலே போகலாம். எழுத்தில் பதில் வந்துவிடும். அதை விடாமல் வாங்கி வையுங்கள்.

7. “தகவல் திரட்டப்படுகிறது” என்று பதில் வந்தால் மகிழ்ச்சியடையுங்கள்.

புதியவர்கள் இதைப் பார்த்துச் சோர்ந்துபோவார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கும். தனிப் பதிவேட்டில் குறித்து வைத்து, மூன்று மாதம் முடிந்ததும் குழுவுக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அரைமணி நேர விவாதத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும் வழி உண்டு. பெரும்பாலான அலுவலகங்கள் இந்த இரண்டையும் பயன்படுத்துவதே இல்லை.

8. இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழக்குங்கள்.

பூஜ்ய நேரத்திலும் 377ஆம் விதியின் கீழும் தொகுதிப் பிரச்சினையைப் பேசலாம். 377க்கு 250 சொல்லுக்குள் எழுத வேண்டும். சம்பந்தப்பட்ட அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு. பூஜ்ய நேரத்தில் ஒலிவாங்கி எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஊர்ப் பெயரும் கோரிக்கையும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். தலைவர்களுக்கு வணக்கமும் புகழும் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடுவதை எத்தனையோ முறை பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உங்கள் எம்.பி. தமிழில் சிந்திப்பவர் என்றால் தமிழிலேயே பேசட்டும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ கருத்தை நன்கு சொல்ல இயலாதவர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 120ஆம் பிரிவு சொல்கிறது. உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள்கள் இருக்கிறார்கள். உரையின் நகலை, ஊர்ப்பெயர்களும் எண்களும் தெளிவாகத் தெரியும்படி, முன்கூட்டியே அவர்கள் கையில் சேர்த்துவிடுங்கள். திக்கித் திணறிப் பேசும் ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் அமைச்சர் காதில் நன்றாக விழும்.

9. கேமரா இல்லாத அறையில்தான் நிறைய வேலை நடக்கிறது.

துறை வாரியான நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. இவை 1993இல் 17 குழுக்களாகத் தொடங்கின. பட்ஜெட் தொடரின் நடுவே அவை ஓய்வில் இருக்கும் வாரங்களில், ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் இந்தக் குழுக்கள் வரி வரியாகப் பார்க்கின்றன. போன ஆண்டு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது, ஏன் செலவாகவில்லை என்று அமைச்சகச் செயலாளரை எதிரே உட்காரவைத்துக் கேட்கலாம். அவையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்சிக்காரர்கள் இங்கே ஒரே அறிக்கையைச் சேர்ந்து ஏற்கிறார்கள்.

குழுவுக்கு அனுப்பும் தாள்கள் கட்டுக்கட்டாக வரும். உங்கள் எம்.பி.க்கு எல்லாவற்றையும் படிக்க நேரம் இருக்காது. நீங்கள் படித்து ஒரு பக்கக் குறிப்பும் மூன்று கேள்வியும் எழுதிக் கொடுங்கள். நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுப் பிரிவிடம் உறுப்பினர் பெயரில் தகவல் கேட்டால் தருவார்கள்; அதைக் கேட்காத எம்.பி.க்கள் அதிகம். குழுவில் பேசியதை அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை வெளியே சொல்லாதீர்கள், பத்திரிகையாளர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

10. வெள்ளிக்கிழமை மதிய விமானத்துக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

வெள்ளி பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரிய நேரம். பாதி இருக்கைகள் காலியாக இருக்கும். சுதந்திர இந்தியாவில் தனிநபர் மசோதாக்களில் 14தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். இதைச் சொல்லி உங்கள் எம்.பி.யை ஊருக்கு அழைத்துவர நினைப்பீர்கள். திருச்சி சிவாவை நினைத்துக்கொள்ளுங்கள். திருநர் உரிமைகளுக்காக அவர் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019இல் அரசே கொண்டுவந்த சட்டத்தில் அவர் கேட்ட பலவும் இல்லை. அப்படியும் நாடாளுமன்றத்தின் ஓர் அவை அந்த மக்களின் உரிமையை ஒருமனதாக ஏற்றது என்பது பதிவேட்டில் இருக்கிறது. ஒரு தமிழர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததால் நடந்த காரியம்.

11. ஐந்து கோடி ரூபாய் உங்கள் எம்.பி.யின் பணம் இல்லை.

தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம் 1993 டிசம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்டது. முதலில் ஐந்து லட்சம், அடுத்த ஆண்டு ஒரு கோடி, 1998-99இல் இரண்டு கோடி, 2011-12 முதல் ஐந்து கோடி. கொரோனா காலத்தில் நிறுத்தி, 2021 நவம்பரில் மீண்டும் கொடுத்தார்கள். எம்.பி. பரிந்துரை செய்யலாம், அனுமதிப்பதும் செலவழிப்பதும் மாவட்ட நிர்வாகம். இந்தத் திட்டமே கூடாது, சட்டமியற்றுகிறவரை நிர்வாக வேலைக்குள் இழுக்கிறது என்று எதிர்த்து எழுதியவர் இரா. செழியன். பெரம்பலூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குப் போய், நாடாளுமன்ற நடைமுறையைக் கரைத்துக் குடித்தவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நிதி இருக்கும்வரை அதை நல்ல வழியில் செலவழிப்பது நம் கடமை.

15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் என்று விதி. அந்தப் பணத்தை ஆண்டுக் கடைசியில் மிச்சமாக ஒதுக்காமல் முதலிலேயே ஒதுக்குங்கள். காலனிக்குப் போய் என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். சுடுகாட்டுப் பாதை கேட்பார்கள். நீங்கள் சமுதாயக் கூடம் கட்டிக்கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்பு இரண்டு கேள்வி: இடம் யாருடையது, பராமரிக்கப்போவது யார்? உயர்கோபுர விளக்கு போட்டால் மின்கட்டணம் ஊராட்சி கட்ட வேண்டும்; கட்ட முடியாத ஊராட்சியில் அது ஆறே மாதத்தில் இருண்டுவிடும். பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கருவி இவற்றுக்கு என் ஓட்டு. பயணியர் நிழற்குடையில் எம்.பி. பெயர் பெரிதாகவும் இருக்கை சிறிதாகவும் இருப்பதை ஊரே பார்க்கிறது. வேலை முடிந்து ஓராண்டு கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். எப்படியும் திறப்பு விழாவுக்குப் போவீர்கள், அதைவிட இந்தப் பயணம் முக்கியம்.

12. திஷா கூட்டத்தை நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க 2016இல் அமைந்த மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவைத்தான் திஷா என்கிறோம். எம்.பி. தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எம்.பி. வற்புறுத்தாத மாவட்டங்களில் அது ஆண்டுக்கு ஒன்றாகக் குறுகிவிடும்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம், சொல்லாமல் கொள்ளாமல் மூன்று ஊருக்குப் போங்கள். ஊரக வேலைத் திட்டக் கூலி எத்தனை வாரமாக வரவில்லை, வீடு கட்டும் திட்டத்தில் எத்தனை வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது, குடிநீர்த் திட்டத்தில் போட்ட குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அதிகாரிகள் கொண்டுவரும் அட்டவணையில் நூறு விழுக்காடு என்று இருக்கும். அப்போது உங்கள் எம்.பி. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அறையில் பேச்சே மாறிவிடும். யாரையும் மற்றவர்கள் முன் அவமானப்படுத்த வேண்டாம். தவறு செய்த அதிகாரி திருத்திக்கொள்ள ஒரு தேதி கேளுங்கள், அந்தத் தேதியைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளே அந்தத் தேதிகளாக இருக்கட்டும்.

13. துக்க வீட்டுக்கு முதலில் போங்கள்.

கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று மாதம் முழுக்க அழைப்பிதழ் குவியும். எல்லாவற்றுக்கும் போனால் வேறு வேலை நடக்காது. முகூர்த்த நாளில் பகுதி பகுதியாகப் பிரித்து உங்கள் எம்.பி. முடிந்தவரை போகட்டும். சாவுக்குப் போகாமல் இருக்கக்கூடாது. அவை நடக்கும் நாளில் வர முடியாமல் போனால் பதினாறாம் நாளுக்குள் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரட்டும், புகைப்படக்காரர் இல்லாமல்.

14. ஓட்டுப் போடாதவரும் உங்கள் மனுதாரர்தான்.

கட்சி உறுப்பினர் அட்டையைப் பார்த்து மனு வாங்காதீர்கள். வட்டச் செயலாளர் பரிந்துரையோடு வா என்று ஒருவரையும் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் ஊதியம் மக்களவைச் செயலகத்திலிருந்து வருகிறது. அது எல்லாக் கட்சிக்காரர்களும் கட்டிய வரிப்பணம். அவையில் கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படி ஓட்டுப் போட வேண்டியதிருக்கும், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அதற்கு மேல் இடம் தராது. தொகுதி அலுவலக வாசலில் எந்தக் கொறடாவும் இல்லை.

15. மாதம் ஒரு தாள் வெளியிடுங்கள்.

பெரிய மலர் வேண்டாம், வழவழப்பான காகிதம் வேண்டாம். இரண்டு பக்கமும் அச்சிட்ட ஒரே தாள், தமிழில். அதில் இருக்க வேண்டியவை: இந்த மாதம் வந்த மனுக்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை, நிலுவை எத்தனை, முடியாது என்று ஆனவை எத்தனை, ஏன் முடியாது. அவையில் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும், சுருக்கமாகவும் திரிக்காமலும். அவைக்கும் குழுவுக்கும் போன நாள்கள், போகாத நாள்கள், போகாததற்குக் காரணம். மேம்பாட்டு நிதியில் பரிந்துரைத்தவை, ஒவ்வொன்றும் எந்த நிலையில் நிற்கிறது.

முடியாமல் போனவற்றை எழுதத்தான் எல்லோரும் தயங்குவார்கள். உங்கள் எம்.பி.யும் தயங்குவார். எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் ஊர் நிலையத்தில் விரைவு ரயில் நிறுத்தம் கிடைக்கவில்லை, ரயில்வே சொல்லும் காரணம் இது, அடுத்து நாங்கள் செய்யப்போவது இது என்று நேராக எழுதினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆவன செய்யப்படும் என்று ஐந்து ஆண்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம்.

தாளை ஊராட்சி அலுவலகங்களிலும், நூலகங்களிலும், தேநீர்க் கடைகளிலும், பேருந்து நிலையத்திலும் ஒட்டுங்கள். கைப்பேசியிலும் அனுப்பலாம்; ஆனால் மனு கொடுத்த கிழவர்கள் பலரிடம் அந்த வசதி இல்லை என்பதை மறக்காதீர்கள். கேள்விக்குப் பதில் வந்த அன்றே, அந்தக் கேள்விக்குக் காரணமான மனுதாரருக்குப் பதிலின் நகலை அஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் மனு எண் இன்னது, அதைக் கொண்டு நாடாளுமன்றத்தில் இன்ன தேதியில் இந்தக் கேள்வி கேட்டோம், அரசு இப்படிச் சொல்கிறது என்று நாலு வரி எழுதி இணையுங்கள். பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் அனுப்புங்கள்.

நீங்கள் வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். பதிவேடு இன்னும் திறக்கவில்லை என்றால் நாளைக் காலை திறந்துவிடுங்கள். முதல் மாதத் தாளில் எழுத நிறைய இருக்காது. இருப்பதை எழுதி, அடுத்த மாதம் முதல் தேதி வெளியிடுங்கள்.